கார்ப்பெட் ஏரியா: கம்பளப் பரப்பா, புழங்கு பரப்பா?

அடுக்குமாடி வீடு தேடும் என் சித்தி ஒரு விலைப்பட்டியலைக் கொண்டுவந்தார். 'கம்பளப் பரப்பு 700 சதுர அடி' என்று அதில் இருந்தது. வீட்டுக்கு உள்ளே நமக்குக் கிடைக்கும் தரைப்பரப்பை ஆங்கிலத்தில் கார்ப்பெட் ஏரியா என்பார்கள், அதன் நேர் மொழிபெயர்ப்பு இது. "கம்பளமும் போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டார். இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கார்ப்பெட் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் மேசை விரிப்பு, அப்புறம்தான் தரைவிரிப்பு. சுவருக்குச் சுவர் விரிப்பு போடக்கூடிய பரப்பு என்பதுதான் கார்ப்பெட் ஏரியா என்ற சொல்லின் நேர்பொருள். நம் வீடுகளில் பாய்தான் விரிப்போம்.

சரி, பழக்கத்தை விடுங்கள். சட்டப்படியும் கம்பளம் பொருந்தவில்லை. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின்படி, வீட்டின் உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் இந்தப் பரப்பில் சேரும். சுவரடியில் கம்பளம் விரிப்பது எப்படி? பால்கனியில் தாராளமாக விரிக்கலாம். அது கணக்கில் வராது. வெளிச்சுவர், குழாய்கள் போகும் இடம், திறந்த மொட்டைமாடி எதுவும் வராது.

சிலர் 'பயன்பாட்டுப் பரப்பு' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குழப்பம் இதில்தான் அதிகம். மாடிப்படி, லிஃப்ட், நடைவழி எல்லாமே பயன்பாட்டுக்குத்தானே? அவற்றைப் 'பொதுப் பயன்பாட்டு இடம்' என்றும் எழுதுகிறோம். பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் வாங்குபவர்தான் ஏமாறுவார்.

'புழங்கு பரப்பு' என்பதே என் தேர்வு. "வீட்டுல புழங்க இடமில்லை" என்று எல்லோரும் சொல்கிறோம். சுவருக்குள் புழங்க முடியாது, பால்கனியில் புழங்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் கதவுக்கு உள்ளே நமக்கென்று இருக்கும் இடம் என்ற எண்ணத்தை இது உடனே தருகிறது. மீதியை ஒரு வரி விளக்கம் பார்த்துக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் புரட்டாமல் விலையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வீடுகள், இரண்டுக்கும் சூப்பர் பில்டப் (வெளிச்சுவர், பால்கனி, பொது இடங்களில் நம் பங்கு எல்லாம் சேர்ந்த பரப்பு) 1,000 சதுர அடி, விலை தலா 60 லட்சம். விளம்பரத்தில் இரண்டும் சதுர அடி 6,000 ரூபாய். ஒன்று நீண்ட நடைவழியும் பெரிய முகப்புக் கூடமும் உள்ள கட்டடம், புழங்கு பரப்பு 700. மற்றது தளத்துக்கு இரண்டே வீடுகள் உள்ள சிறிய கட்டடம், புழங்கு பரப்பு 800. முன்னதில் புழங்கும் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 8,571 ரூபாய், பின்னதில் 7,500. பெரிய முகப்புக் கூடம் வேண்டுமென்று கூடுதலாகக் கொடுப்பவர் கொடுக்கட்டும். சித்திக்குத் தேவை சமையலறையில் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்க இடம். அதற்கான எண்ணைத்தான் அந்தப் பட்டியல் கம்பளத்துக்கு அடியில் மறைத்து வைத்திருந்தது.