எரிமலை பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறுங்கள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் அதற்கு முன் ஒரு செக்கப்புக்கு வருவது சேலத்தில் இப்போது சகஜம். நயாகரா என்றால் நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. "ஹவாய்க்கும் கூட்டிட்டுப் போறானாம் டாக்டர், எரிமலை காட்டுறானாம்" என்றால் மட்டும் உட்கார வைத்துப் பேசுவேன். நான் நுரையீரல் மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு ஆஸ்துமா.

ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா 1916-இல் உருவானது. கிலவேயா, மௌனா லோவா என்று அங்கே இரண்டு எரிமலைகள், இரண்டுமே உயிருள்ளவை. கிலவேயாவின் உச்சி சுமார் 1,250 மீட்டர்தான். ஏற்காடு அதைவிட உயரம். அதனால் உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கடற்கரை ஊர்தானே என்று அரைக்கைச் சட்டையோடு போனால் குளிரும் மழையும் வாட்டிவிடும். மௌனா லோவா கதை வேறு, 4,169 மீட்டர். அதன் உச்சிக்கு நடப்பது உங்களுக்கு வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

எல்லோரும் ஆசைப்படுவது கிலவேயா இக்கி பாதைக்கு. 1959-இல் தீக்குழம்பு ஏரியாகக் கொதித்த பள்ளம் இன்று இறுகிக் கிடக்கிறது, அதன்மேல் நடக்கலாம். மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுமார் 120 மீட்டர் இறங்க வேண்டும், பிறகு அத்தனையையும் ஏற வேண்டும். களைத்த பிறகு ஏற்றம் வருவதுதான் சிக்கல். நமக்கு இதற்கு ஒத்திகை பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்காட்டில் உள்ள கிளியூர் அருவிக்கு இறங்கிப் போய், திரும்பி ஏறிப் பாருங்கள். (இருபது கொண்டை ஊசி வளைவையும் காரில் ஏறியது கணக்கில் வராது.) பேசிக்கொண்டே ஏற முடிகிறதா, பாதிப் பேச்சில் மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். நெஞ்சு இறுகினால் அங்கேயே உட்காருங்கள். டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்காட்டில் ஒத்திகை பார்க்க முடியாத ஒன்று எரிமலை வாயு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை எரிமலை அல்ல, சார்னோகைட் என்னும் கடினமான பாறை. கிலவேயாவிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, தீக்குச்சி உரசியது போல நெடி மட்டும் வரும். நல்ல நுரையீரல் உள்ளவருக்குத் தொண்டை எரியும், கண் கரிக்கும். ஆஸ்துமாக்காரருக்குக் கொஞ்சம் பட்டாலே சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளும். கொரோனா காலத்து என்95 மாஸ்க் மிச்சம் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், அது தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. நெடி அடித்தால் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வராதபடி ஏசியைப் போட்டு இடத்தைக் காலி பண்ணுங்கள். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் எல்லோருக்கும் இதேதான்.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பஃப் (இன்ஹேலர்) கைப்பையில் இருக்க வேண்டும், விமானத்தில் போட்டுவிடும் பெட்டியில் அல்ல. கிளம்பும் முன், மருந்து இன்னும் எத்தனை முறைக்கு மிச்சம் என்று அதன் முதுகில் காட்டும் எண்ணைப் பாருங்கள். 'எப்பவும் பையிலேயே இருக்கு டாக்டர்' என்று எடுத்து நீட்டுவார்கள், எண் பூஜ்யத்தில் நிற்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் கால்களைக் கவனிக்க வேண்டும். இறுகிய தீக்குழம்பு கண்ணாடிச் சில்லு போலக் கிழிக்கும், மரத்துப்போன பாதத்துக்கு அது தெரியாது. மூடிய ஷூ கட்டாயம், அதையும் இங்கேயே சில வாரம் போட்டுப் பழக்கிவிடுங்கள். பள்ளங்களின் வழியாகக் கடலுக்கு இறங்கும் சாலை சுமார் 30 கிலோமீட்டர். வழியில் பெட்ரோல், சாப்பாடு, குடிநீர் எதுவும் கிடையாது. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு அதில் இறங்காதீர்கள்.

பையனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். வாயு அதிகமானால் பூங்காவில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள், எனவே ஒரு நாள் உபரியாக வைத்துத் திட்டமிடட்டும். போகிற அன்று காலையில் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் காரை எடுக்கட்டும்.