லிங்க், லியென், தொடுப்பு

மொரீஷியஸில் ஒருவர் வாட்ஸ்அப்பில் "லியென் அனுப்பு" என்றால் அது பிரெஞ்சு, "லிங்க் அனுப்பு" என்றால் ஆங்கிலம், கேட்பது என்னவோ ஒன்றைத்தான். அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால்தான் வம்பு. இணைப்பு, சுட்டி, தொடுப்பு, உரலி, மீயிணைப்பு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாமே ஓரளவு சரி, ஏனென்றால் லிங்க் என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு பொருளைப் புழங்குகிறோம். எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி நீளும் எழுத்துச் சரம் ஒன்று, தட்டினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் நீல எழுத்து இன்னொன்று. முதலாவது முகவரி, இரண்டாவதுதான் லிங்க். முகவரியைத் தாளில்கூட எழுதலாம், தாளைத் தட்டினால் எதுவும் திறக்காது.

லிங்க் என்ற சொல் ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, சங்கிலியின் ஒரு வளையம் என்று பொருள். லியென், 'கட்டு' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. லிங்க்கின் முழுப்பெயரான ஹைப்பர்லிங்க்கில் முன்னால் நிற்கும் ஹைப்பர் கிரேக்கம், 'மேல், அப்பால்' என்று பொருள். 1965இல் டெட் நெல்சன் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற தன் சொல்லை அச்சில் வெளியிட்டதிலிருந்து கணினிப் பக்கம் ஒட்டிக்கொண்டது. முகவரிக்கான யுஆர்எல் என்ற பெயர் 1994 டிசம்பரில் ஆர்எஃப்சி 1738 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ முதலில் இந்த வகை அடையாளங்களுக்கு 'யூனிவர்சல்' என்றுதான் பெயர் வைத்திருந்தார், தரக்குழுவில் அது 'யூனிஃபார்ம்' ஆகிவிட்டது. முகவரியில் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த வேண்டாத சாய்கோடுதான் இன்று மென்பொருளுக்குப் பெரிய உதவி.

எப்படி என்றால், ஒரு பெட்டியில் நாம் தட்டச்சு செய்வதெல்லாம் வெறும் எழுத்துதான், அதில் எது முகவரி என்று யாரும் குறித்துக் கொடுப்பதில்லை, மென்பொருள் தானாக ஊகித்துத்தான் நீலமாக்குகிறது. எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்று வரிசையாக வந்தால் சந்தேகமே இல்லை. மூன்று டபிள்யூ வந்தாலும் அநேகமாகச் சரி. இரண்டும் இல்லாமல் நடுவில் புள்ளி வைத்த சொல் வந்தால், புள்ளிக்குப் பின்னால் இருப்பது உண்மையான களப்பெயர், அதாவது டொமைன்தானா (நமக்கு எம்யூ, பக்கத்து ரீயூனியனுக்கு ஆர்ஈ) என்று சில செயலிகள் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மொரீஷியஸில் நாங்கள் பேசும் கிரியோல் மொழி மாட்டிக்கொள்வது இங்கேதான். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாமல் "போன்ஸூர்.மோ பே வினி" (வணக்கம், நான் வந்துகொண்டிருக்கிறேன்) என்று ரோமன் எழுத்தில் அடித்துப் பாருங்கள். 'மோ'வுக்குரிய எம், ஓ இரண்டும் சீனாவின் மக்காவு பகுதியின் களப்பெயர், ஆகவே வணக்கம் ஒரு வலைத்தளமாகிவிடும். கிரியோலின் 'நான்' மக்காவுக்குப் போகிறது, 'நீ' என்று பொருள்படும் 'தோ' டோங்காவுக்கு, 'அவர்' என்ற 'லி' லீக்டன்ஸ்டைனுக்கு. பிரெஞ்சில் எழுதுகிறவர்களின் 'லா' லாவோஸில் இறங்கும்.

முகவரி எங்கே முடிகிறது என்பது அடுத்த தலைவலி. கடைசியில் இருக்கும் புள்ளி முகவரியைச் சேர்ந்ததா, வாக்கியத்தைச் சேர்ந்ததா? முகவரியைக் கோண அடைப்புக்குள் எழுதுங்கள் என்று 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 பின்னிணைப்பில் யோசனை சொல்கிறது, அன்றாடம் செய்தி அனுப்புகிற யார் அதைச் செய்கிறார்கள்?

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் முன்னிடைச்சொல் (ஆங்கிலத்தின் 'இன்', 'ஆன்' போன்றவை) பெரும்பாலும் இடைவெளி விட்டுத் தனியாக நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். முகவரியை அடித்து அதோடு சேர்த்து "இல் பாருங்கள்" என்று எழுதினால் அந்த 'இல்'லையும் முகவரியின் வால் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள் உண்டு, பக்கம் திறக்காது. தமிழ் எழுத்தே முகவரியில் வராது என்று கண்டிப்பாக இருந்தாலோ, தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி முதல் தமிழெழுத்திலேயே அறுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று, எழுத்து என்ற வகையை மட்டும் அனுமதிக்கும் ரெகெக்ஸ் (மென்பொருள் எழுத்து வரிசையைத் தேடப் பயன்படுத்தும் வடிவம்) விதிகளும் உண்டு. யூனிகோடில் நம் உயிர்க்குறியும் புள்ளியும் 'எழுத்து' அல்ல, 'குறி' என்ற வேறு வகை என்பதால் 'தமிழ்' என்பது 'தம' என்பதோடு நின்றுபோகும். இதற்குப் பயந்து சதவீதக் குறியீட்டுக்கு (% அடையாளமும் எண்ணும் ரோமன் எழுத்துமாக எழுதும் முறை) மாற்றினால், எழுத்தோ குறியோ ஒவ்வொன்றுக்கும் 9 உரு வீதம், ஐந்து சேர்ந்த 'தமிழ்' என்ற ஒரு சொல் 45 உருவாக வீங்குகிறது. நான் முகவரிக்குப் பின் இடைவெளி விட்டு "என்ற முகவரியில்" என்று எழுதிவிடுவேன், நீளம்தான், ஆனால் திறக்கும்.

சரி, தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். உரலி, யுஆர்எல்லை அப்படியே தமிழ் ஒலிக்கு இழுத்தது. படிக்கும்போது எனக்கு மாவிடிக்கும் உரல்தான் தெரிகிறது. இணைய முகவரி என்றாலே போதும். சுட்டி என்றால் மௌஸும் சுட்டி, குறும்புப் பிள்ளையும் சுட்டி. இணைப்பு நல்ல சொல், 'வெளி இணைப்புகள்' என்று விக்கிப்பீடியாவில் நிலைத்தும்விட்டது, ஆனால் மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்புதானே, "இணைப்பைத் திறக்காதே" என்றால் எதை என்று தெரியாது. என் வாக்கு தொடுப்புக்கு. பூவைப் பூவோடு தொடுப்பதுபோல ஒரு பக்கத்தை இன்னொன்றோடு கோக்கும் வேலை, சங்கிலி வளையத்துக்கும் லத்தீன் கட்டுக்கும் பக்கத்திலேயே நிற்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள், அங்கே 'தொடுப்பு' என்றால் கள்ள உறவு என்றும் பொருள் உண்டு. பிரெஞ்சில் லியெனோடு ஒரே வேரில் பிறந்த லியெசோனுக்கும் அதே கெட்ட பெயர் இருக்கிறது, அதற்காக யாரும் லியெனை விட்டுவிடவில்லை. ஹைப்பர் கட்டாயம் வேண்டுமென்றால் மீத்தொடுப்பு. மீ என்றாலும் மேல்தான். வெறும் எழுத்தை நீலமாக்கும் அந்த ஊக வேலையைத் தொடுப்பாக்கம் எனலாம்.

முகவரி, தொடுப்பு என்று பிரித்துச் சொல்வதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. மின்னஞ்சலில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து உங்கள் வங்கியின் முகவரியாகவே இருக்கும், அதன் அடியில் உள்ள தொடுப்பு வேறெங்கோ போகும். கணினியில் சுட்டுக்குறியை மேலே நிறுத்தினால், கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்தால், பெரும்பாலும் உண்மையான முகவரி தெரிந்துவிடும்.