கேஸ் அடிப்பதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் போதும், "ஏசி ஓடுது, ஆனா கூலிங்கே இல்ல. கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து அடிச்சுக் குடுங்க" என்று போன் வரத் தொடங்கிவிடும். போனதும் நான் முதலில் திறப்பது இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத்தான். பெரும்பாலும் கோளாறு அங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஏசியில் இருக்கும் கேஸ் சமையல் சிலிண்டரைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. எங்காவது கசிந்தால்தான் குறையும். ஆகவே "வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

போன கோடையில் வேளச்சேரியில் ஒரு வீடு. கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தையே நனைந்திருந்தது. முன்பு வந்தவர் கேஸ் அடித்துப் பணமும் வாங்கிப் போயிருந்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். தூசியைப் பிடிக்கும் வலையான ஃபில்டரில் வலைக்கண்ணே தெரியவில்லை. நகத்தால் நெருடியதும் தூசி ஏடு ஏடாக உரிந்து வந்தது. பின்னால் கூலிங் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) முழுக்க வெள்ளையாக ஐஸ். அந்த வீட்டம்மா, "இதை நாங்களே கழட்டலாமாண்ணா? கம்பெனி ஆளுங்கதான் தொடணும்னு நினைச்சோம்" என்றார். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஃபில்டர் அடைத்தால் ஐஸ் ஏன் பிடிக்கிறது? அறையின் சூடான காற்று காயில் மேல் போதுமான அளவு பட வேண்டும். காற்று குறைந்தால் காயில் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போய், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைகிறது. அந்த ஐஸ் மிச்சக் காற்றையும் மறிக்கும். அறை குளிராமல் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும். ஐஸ் உருகும்போது காயிலுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் தட்டில் விழாமல் வெளியே சொட்டும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும், அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்த பிறகே கேஸ் பேச்சு எடுக்க வேண்டும். உண்மையிலேயே குறைந்திருந்தால் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி நிரப்புவதுதான் முறை.

ஐஸைக் கண்டால் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வைத்துக் குத்தாதீர்கள், காயில் ஓட்டையாகிவிடும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் விடுங்கள், தானே உருகும்.

கழுவுவது எளிது. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபில்டரைக் கழற்றி, தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துப் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் விடுங்கள். முன்பக்கம் விட்டால் தூசி வலைக்குள் இறுகிவிடும். சமையலறைப் புகை வரும் வீடுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும், அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். வெந்நீர், முரட்டு பிரஷ், வெயில் மூன்றும் வேண்டாம், வலை கோணிக்கொள்ளும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ரோட்டோரமோ பக்கத்தில் கட்டட வேலையோ இருந்தால் வாரம் ஒருமுறை.

காயும்வரை ஃபில்டர் இல்லாமலே ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. ஈரமான காயிலில் தூசி நேராக ஒட்டிச் சேறாகிவிடும், அதை எடுக்க, தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவும் ஜெட் வாஷ்தான் வழி.

இந்த வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும். வாகனப் புகையின் நுண்துகளை அது தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை நம்பியிருக்க வேண்டாம். சில மாடல்களில் வலைமேல் சிறு கார்பன் பட்டைகள் இருக்கும். பெரும்பாலும் அவற்றைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மெக்கானிக் வந்து கேஸ் என்று ஆரம்பித்தால், "முதல்ல ஃபில்டரையும் காயிலையும் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் முகம் சுளிக்க மாட்டார்.