ஆறா, ஏழா? தனியாக வந்த ஒரு எண்ணின் கதை

"சார், சிக்கிள் செல் மாற்றம் எத்தனையாவது அமினோ அமிலத்துல வருது?"

"ஆறு."

"நம்ம டேபிள்ல ஏழுன்னு இருக்கே?"

சிக்கிள் செல் என்ற ரத்த நோயைப் பற்றி, குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி இப்படிக் கேட்டபோது, புரோகிராம் கோடில் எங்கோ ஒன்று கூடிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஜீன், புரதத் தரவுகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் தொழிலில் ஒன்று கூடுவதும் குறைவதும் சளி, இருமல் மாதிரி, அடிக்கடி வரும். ஆனால் அன்று கோடில் பிழையே இல்லை. ஆறும் சரி, ஏழும் சரி.

1957-ல் வெர்னன் இங்க்ராம், சிக்கிள் செல் ஹீமோகுளோபினில் குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்திருப்பதைக் காட்டினார். அந்தக் காலத்தில் கையில் இருந்தது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதம். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் உருவானதும் அதன் முதல் அமினோ அமிலமான மெத்தியோனின் உடலுக்குள்ளேயே வெட்டப்பட்டுவிடும். மிச்சம் 146 அமினோ அமிலங்கள், அதில் மாற்றம் ஆறாவது. யூனிப்ராட் என்ற புரத டேட்டாபேஸில் உள்ள பி68871 பதிவோ ஜீன் சொல்வதை அப்படியே வைத்திருக்கிறது. மெத்தியோனினையும் சேர்த்து 147, அதில் மாற்றம் ஏழாவது. பழைய கட்டுரைகளிலிருந்து தொகுத்த எங்கள் பட்டியலில் 6, டேட்டாபேஸிலிருந்து இறக்கியதில் 7. இரண்டு பக்கமும் அந்தப் பத்திக்கு 'பொசிஷன்' என்று ஒரே பெயர். இணைத்துப் பார்த்தால் ஒன்றும் பொருந்தவில்லை. புரோகிராம் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் காலிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு அமைதியாக முடிந்துபோனது. காரணம் தெரிவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

இதே மாற்றத்தை ஜீனின் எழுத்து வரிசையில் தேடினால் கூத்து இன்னும் பெரிது. என்எம்_000518.5 என்ற எம்ஆர்என்ஏ (ஜீனிலிருந்து எடுக்கப்படும் நகல்) பதிவில் புரதத்துக்கான பகுதி 51..494. கழித்து ஒன்றைக் கூட்டினால் 444 எழுத்துகள். ஒன்றுக்கு மூன்று எழுத்து வீதம் 147 அமினோ அமிலங்களுக்கும் ஒரு நிறுத்தக் குறிக்கும் கணக்குச் சரி. மாற்றம் இந்தப் பகுதியின் 20-வது எழுத்தில், அதாவது முழுப் பதிவின் 70-வது எழுத்தில் இருக்கிறது: ஏ போய் டி வருகிறது. மனித மரபணுத்தொகுதிக்குப் போனால் 11-வது குரோமோசோமில், அந்தத் தொகுதியின் ஜிஆர்சிஎச்38 பதிப்பின்படி 5227002. அதற்கு முந்தைய 37-வது பதிப்பில் 5248232. அங்கே பார்த்தால் டி போய் ஏ வந்திருக்கும். காரணம், இந்த ஜீன் டிஎன்ஏவின் எதிர் இழையில் உட்கார்ந்திருக்கிறது; ஏ-க்கு எதிரே நிற்பது டி. இடங்களைக் குறிக்கும் கோப்பு வகைகளில் ஒன்றான பெட் ஃபார்மட்டில் எழுதினால் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் தொடக்கம் 5227001 ஆகிவிடும். இன்னொரு வகையான ஜிஎஃப்எஃப் ஃபார்மட்டில் அது 5227002-ஆகவே நிற்கும்.

ஒரே ஓர் எழுத்து மாற்றத்துக்கு இத்தனை முகவரி. இவற்றில் எந்த எண்ணைத் தனியாக எடுத்துக் கொடுத்தாலும் அது பின்கோடு இல்லாத கதவு எண்தான்.

அதனால் இப்போது எங்கள் கோடு நூலகத்தில் (லைப்ரரி) ஓர் இடத்தை வெறும் முழு எண்ணாகத் திருப்பித் தரும் மெத்தட் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு) கிடையாது. 'இடம்' என்று ஒரு ஆப்ஜெக்ட் (பல விவரங்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) வரும். எந்த வரிசையில் எண்ணியது (பதிப்பு எண்ணோடு), எந்த இழை, முதல் எழுத்து பூச்சியமா ஒன்றா என்ற மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும். வேறு வேறு வரிசைகளைச் சேர்ந்த இரண்டு இடங்களைக் கழிக்கப் போனால் பிழை எறிந்துவிட்டு நின்றுவிடும். ஆரம்பத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஒரு கழித்தலுக்கு இவ்வளவு சடங்கா என்று. எனக்கும் எழுதும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நடுராத்திரியில் தவறான முடிவோடு அமைதியாக முடியும் புரோகிராமைவிட, பகலிலேயே கத்திக்கொண்டு நிற்கும் புரோகிராம் எனக்குப் போதும்.

பூச்சியமா ஒன்றா என்பதில் எனக்குக் கட்சி இல்லை. இந்தத் துறைக்கான பெர்ல் நூலகமான பயோபெர்ல், ஜென்பேங்க் என்ற ஜீன் டேட்டாபேஸின் கோப்பைப் போலவே 51-லிருந்து 494 என்று வைத்துக்கொள்ளும். பைத்தான் நூலகமான பயோபைத்தான், பைத்தான் வழக்கப்படி (பூச்சியத்தில் தொடங்கி, முடிவு எண்ணைச் சேர்க்காமல்) 50:494 என்று காட்டும். ஒரு திட்டத்துக்குள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கோப்பைப் படிக்கும் வாசலிலேயே மாற்றிவிட வேண்டும். உள்ளே நான்கு இடத்தில் ஒன்றைக் கூட்டுவதும் மூன்று இடத்தில் கழிப்பதுமாகத் தெரிந்தால், வடிவமைப்பு தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம் என்பது எப்போதும் ஒரே துண்டாகவும் இருக்காது. பீட்டா குளோபின் ஜீனில் மூன்று எக்ஸான்கள், அதாவது எம்ஆர்என்ஏவில் நிற்கும் துண்டுகள். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வாங்கி நடுவே வெட்டினால், அவற்றுக்கு இடையில் இருந்து நீக்கப்படும் இன்ட்ரான்களும் சேர்ந்து வந்து புரதம் குப்பையாகிவிடும். துண்டுகளின் பட்டியல்தான் அடிப்படை. ஒரே துண்டு என்பது அதில் ஒரு எளிய வகை.

இன்னொரு வலி, புள்ளி வைத்து எழுதினால் வந்துவிடும் பண்புகள். ஜீன் ஆப்ஜெக்டில் புள்ளி வைத்து 'புரதம்' என்று எழுதினால் புரதம் கிடைக்கிறது, பார்க்க அழகு. உள்ளே அது இணையத்துக்குப் போய் எடுத்துவருகிறது என்பது படிப்பவருக்குத் தெரியாது. ஜீன் டேட்டாபேஸ்களை நடத்தும் அமெரிக்க மையமான என்சிபிஐ, பதிவுசெய்து வாங்கும் சாவி (ஏபிஐ கீ) இல்லாதவர்களுக்கு விநாடிக்கு மூன்று கோரிக்கைகள்தான் அனுமதிக்கிறது. சாவி இருந்தால் பத்து. 2,000 ஜீன்களின் மேல் ஒரு லூப் போட்டால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 11 நிமிடம். வேகத்தை மதிக்காமல் போட்டால் அலுவலக முகவரியையே தடுத்துவிடுவார்கள். இணையத்துக்குப் போகும் வேலை மெத்தடாகத்தான் இருக்க வேண்டும், பெயரிலேயே 'எடுத்துவா' என்று இருக்க வேண்டும், பட்டியலை மொத்தமாக வாங்க வேண்டும்.

காலியாக வரும் பதிலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்டோம், இல்லை என்றார்கள் என்பது ஒன்று. கேட்கவே இல்லை என்பது ஒன்று. கேட்டோம், இணைப்பு அறுந்தது என்பது இன்னொன்று. மூன்றுக்கும் பைத்தானின் 'நன்' (ஒன்றுமில்லை) என்று திருப்பினால், அறுந்த இணைப்பு ஆய்வு முடிவாக மாறிவிடும். "இந்த ஜீனில் எந்த மாற்றமும் இல்லை" என்று யாரோ ஸ்லைடு போடுவார்.

என் சொந்த வடிவமைப்பிலேயே கடைசியாக உடைந்த இடம் ஒன்று உண்டு. அக்செஷன் எண்ணை (டேட்டாபேஸ் பதிவின் அடையாள எண்) கொடுத்தால் ஒரு புரதம் வரும் என்று மெத்தட் எழுதியிருந்தேன். ஒரு எண், ஒரு பதிவு. இதில் என்ன சந்தேகம்? பழைய பட்டியலிலிருந்து பி02023 வந்தது. ஒரு காலத்தில் அதுதான் பீட்டா குளோபின். மனிதன், போனோபோ, சிம்பன்சி மூன்றிலும் வரிசை ஒன்றே என்பதால் ஒரே பதிவாக வைத்திருந்தார்கள். பிறகு இனத்துக்கு ஒன்றாகப் பிரித்து பி68871, பி68872, பி68873 ஆக்கினார்கள். பழைய எண்ணுக்கு இப்போது மூன்று வாரிசு. என் மெத்தட் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டது. முதலில் வந்தது மனிதனுடையது என்பதால் நீண்ட நாள் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த மெத்தட் பட்டியலைத் திருப்புகிறது. ஒன்றுதான் வேண்டும் என்பவர் இனத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்றிய அன்று கோடைச் சரிபார்க்கும் எங்கள் சோதனைகளில் நாற்பதுக்கு மேல் சிவப்பாயின, அதாவது தோற்றன. தம்பிதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். இரண்டில் மட்டும், எந்த இனத்தை நினைத்து எழுதினோம் என்று எழுதியவருக்கே நினைவில்லை, எழுதியவர் நான்.