பாலியல் சுற்றுலா: சொல்லுக்குள் மறைந்திருக்கும் ஆள்

செக்ஸ் டூரிசம் என்பதை நம் நாளிதழ்கள் ‘பாலியல் சுற்றுலா’ என்று எழுதுகின்றன. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனாலும் இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். ‘டூர்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு முன்பு லத்தீன், அதற்கும் முன்பு கிரேக்கம். கிரேக்கத்தில் அது கடைசல் பொறியைக் குறித்த சொல். சுழலுவது, சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவது என்று பொருள் விரிந்தது. தமிழில் ‘சுற்று’, ‘உலா’ இரண்டும் சேர்ந்து சுற்றுலா ஆயிற்று. அழகான ஆக்கம். உலா என்றதும் அரசனோ இறைவனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவகைப் பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்கும் சிற்றிலக்கியம் நினைவுக்கு வரும். அந்த உலாவையா பணம் கொடுத்து உடலை வாங்கப் போகும் பயணத்துக்கு வைப்பது?

பொருளைத் திட்டமாகச் சொன்னது, 1995இல் கெய்ரோவில் கூடிய உலகச் சுற்றுலா அமைப்பு. போன இடத்தில் வசிப்பவர்களோடு பணத்துக்குப் பாலுறவு கொள்வதையே முதன்மை நோக்கமாக வைத்து, சுற்றுலாத் துறையின் ஏற்பாடுகளைப் பயன்படுத்தி நடத்தப்படும் பயணம் என்று வரையறுத்து, அதைக் கண்டித்தது. கவனித்தால், இது பயணிப்பவரைப் பற்றிய வரையறை. வழக்கில் கெட்ட பெயர் ஒட்டிக்கொள்வதோ போய் இறங்கும் நாட்டின் மேல்.

தாய்லாந்துக்கு நடந்தது அதுதான். அங்கே பாலியல் தொழிலை 1960லேயே சட்டம் தடை செய்துவிட்டது. 1966இல் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் தரும் சட்டம் வந்தது. தடை ஏட்டில் இருக்க, தொழில் அந்த உரிமத்தின் நிழலில் வளர்ந்தது. மறு ஆண்டு, வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படையினர் ஓய்வெடுக்க வர இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. மீனவர் ஊரான பட்டாயா மதுக்கடைகளின் ஊரானது. போர் முடிந்து படைகள் போயின; கடைகள் போகவில்லை. அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் நிரப்பினார்கள்.

அப்புறம் 1993இல், லாங்மன் நிறுவனத்தின் ஆங்கில அகராதி ஒன்று பாங்காக்கை விளக்கும்போது கோயில்களைச் சொன்ன கையோடு, பாலியல் தொழிலாளர்கள் நிறைந்த இடமாகப் பேசப்படுவது என்றும் எழுதியது. தாய்லாந்து கொதித்தது. அகராதிக்கு அங்கே தடை விதிக்கப்பட்டது. பதிப்பாளர் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு தலைநகரத்தின் பொருளாகவே அது அகராதியில் ஏறிவிட்டது என்பதுதான் வலி. 2018இல்கூட, ‘அதற்கெல்லாம் தாய்லாந்துக்குப் போங்கள்’ என்ற பொருள்பட காம்பியா நாட்டுச் சுற்றுலா அமைச்சர் பேச, தாய்லாந்து அரசு முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஒருவர் பாங்காக் போய்வந்தேன் என்றால் நண்பர் வட்டத்தில் ஒரு சிரிப்பு எழுகிறதே, அதன் பாரத்தைச் சுமப்பது எங்கோ வெளிநாட்டில் படிக்கும், வேலை பார்க்கும் தாய்லாந்துப் பெண். போய்வந்த ஆணுக்கு அதனால் எந்த அவப்பெயரும் இல்லை.

இதைச் சொல்லாலேயே எதிர்கொண்டவர்கள் ஜப்பானியப் பெண்கள். 1970களில் ஜப்பானிய ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தென்கொரியாவுக்கு இதற்கென்றே போய்வந்தார்கள். பாலியல் தொழிலுக்கு ஜப்பானியத்தில் ‘பைஷுன்’ என்று பெயர். ‘வசந்தத்தை விற்பது’ என்று எழுத்துப் பொருள். போராடிய பெண்கள் ‘விற்பது’ என்று பொருள் தரும் எழுத்தை எடுத்துவிட்டு, அதே ஒலியுள்ள, ‘வாங்குவது’ என்று பொருள் தரும் எழுத்தைப் போட்டார்கள். குழப்பம் வராமலிருக்க அதைக் ‘கைஷுன்’ என்று படிக்கும் வழக்கமும் வந்தது. குழந்தைகளைக் காக்க 1999இல் ஜப்பான் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இடம்பிடித்தது. ஓர் எழுத்து மாறியதில், மறைந்திருந்த ஆள் வெளியே வந்துவிட்டார்.

தமிழில் அந்த வேலை இன்னும் பாக்கி. விபசாரம் என்ற வடசொல்லுக்கு நெறி விலகிப் போவது என்றுதான் பொருள். அதில் ஆண், பெண் இல்லை. ஆனால் விபசாரி என்றால் நமக்குப் பெண் மட்டுமே. ‘விபசார அழகிகள் மீட்பு’ என்று தலைப்பு வைக்கிறோம்; வாங்க வந்தவருக்கு ஒரு பட்டப்பெயர்கூட இல்லை.

என் பரிந்துரை ‘பாலியல் நுகர்வுப் பயணம்’. கொஞ்சம் நீளம்தான். ஆனால் நுகர்வு என்றதும் நுகர்பவர் யார் என்ற கேள்வி எழும். குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்கோ சுற்றுலா என்ற சொல்லே ஆகாது. சிறார் பாலியல் சுரண்டலைப் பற்றி எழுத எந்தச் சொற்கள் ஏற்றவை என்று சொல்லும், 2016இல் வெளியான லக்சம்பர்க் வழிகாட்டுதல்களும் அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்கின்றன. அங்கே ‘பயணவழிச் சிறார் பாலியல் சுரண்டல்’ என்றே எழுத வேண்டும். ‘பாலியல் சுற்றுலாவுக்குப் பேர்போன தாய்லாந்து’ என்று எழுதக் கை போகும்போது, ‘பாலியல் நுகர்வுப் பயணிகள் குவியும் பட்டாயா’ என்று ஒரு முறை மாற்றி எழுதிப் பாருங்கள்.