"லூப்தானே சார்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து மாடி. மூன்றாம் மாடியில் ஏசி வேலைக்கு வந்தவர்கள் ஃபால்ஸ் சீலிங்கில் இறக்கிய ஸ்க்ரூ ஒன்று ஃபயர் அலாரம் கேபிளைத் துளைத்து, உள்ளே இருந்த இரண்டு கம்பிகளையும் சேர்த்துவிட்டது. அந்த ஒரு ஸ்க்ரூவால் ஐந்து மாடியிலும் புகையைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பேனலில், பழுது என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. பஸ்ஸர் கத்துகிறதென்று யாரோ அமுக்கி நிறுத்திவிட்டார்கள். ஒன்பது நாள் இப்படியே ஓடியிருக்கிறது. மேல் மாடியில் ஐசியு.

இந்த வருடம் நான் பார்க்கும் நான்காவது கட்டடம் இது. நான்கிலும் ஒரே பதில்: "லூப்தானே சார், ஒரு பக்கம் போனா இன்னொரு பக்கத்துலேர்ந்து வந்துடுமே!"

லூப் என்பது பேனலில் கிளம்பி, எல்லா டிடெக்டரையும் தொட்டுவிட்டு, பேனலுக்கே திரும்பும் கேபிள். அதில் கம்பி அறுந்தால் கரண்ட் மறுபக்கமாக வரும். இரண்டு கம்பிகளும் ஒட்டி ஷார்ட் ஆனால் வராது.

மேல்தொட்டியிலிருந்து இறங்கி, வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பத் தொட்டிக்கே வரும் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் மறுபக்கமாகத் தண்ணீர் வரும், எல்லாக் குழாயும் ஓடும். அதே பைப் நடுவில் உடைந்தால்? இரண்டு பக்கத் தண்ணீரும் அந்த ஓட்டையில்தான் கொட்டும், ஒரு குழாயிலும் வராது. கம்பி அறுவது அடைப்பு மாதிரி, ஷார்ட் உடைப்பு மாதிரி. உடைப்புக்கு இரண்டு பக்கமும் கேட் வால்வை மூடினால்தான் மற்ற குழாய்கள் பிழைக்கும். அந்த வால்வுதான் ஐசோலேட்டர். வோல்டேஜ் சரிந்ததும் தானே தொடர்பைத் துண்டித்து, பழுதான துண்டை மட்டும் கழற்றிவிடும்.

"பேனலிலேயே பாதுகாப்பு இருக்கே?" என்பார்கள். இருக்கிறது. ஷார்ட் வந்ததும் பேனல் லூப்புக்குப் போகும் கரண்டை நிறுத்தி, தன் போர்டைக் காப்பாற்றிக்கொள்ளும். நோயாளிகளை அது காப்பாற்றாது.

அந்த மருத்துவமனையில் ஐசோலேட்டரே இல்லை என்று நினைக்காதீர்கள். நான்கு வாங்கியிருந்தார்கள். நான்கும் பேனல் அறையில், ஒரே பெட்டிக்குள், வரிசையாக! எந்த மாடியில் ஷார்ட் ஆனாலும் மொத்த லூப்பும்தான் கழறும். பில்லில் கணக்கு சரியாக இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

ஒவ்வொரு மாடிக்கும் கேபிள் நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று வையுங்கள். மாடி பெரிதென்றால் நடுவிலும் வேண்டும். ஒரே பழுதில் 32 டிடெக்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐரோப்பாவின் ஈஎன் 54 தரம். அது உச்சவரம்புதான். நான் 20-ஐத் தாண்டவிடுவதில்லை. போகும் கேபிளையும் திரும்பும் கேபிளையும் ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். எலி கடித்தாலும் டிரில் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்து போகும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கம்பியை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கேபிள் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவியை வைப்பதற்கு முன் டிடெக்டர்களையும் பேனலையும் கழற்றுங்கள் தம்பி, 500 வோல்ட்டை அவை தாங்காது.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதேயில்லை. ஷார்ட் வர ஸ்க்ரூவோ எலியோ தேவையில்லை, தீயே போதும். எஃப்ஆர்எல்எஸ் கேபிள் என்றால் தீயில் தாங்கும் என்று நம்புகிறார்கள். அது தீ பரவுவதையும் புகையையும் குறைக்கும், அவ்வளவுதான். சூட்டில் இன்சுலேஷன் உருகி கம்பிகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டோர் ரூமில் பிடித்த தீ முதல் சில நிமிடங்களிலேயே மொத்த லூப்பையும் ஊமையாக்கிவிடலாம். அப்போது புகை ஏறும் மேல் மாடிகளில், எச்சரிக்கை ஒலி எழுப்பும் ஹூட்டரை அடிக்க ஆளில்லை. ஹூட்டர் லைனுக்குத் தீ தாங்கும் கேபிள்தான் போட வேண்டும்.

கட்டட உரிமையாளர்களே, வேலையை ஒப்புக்கொள்ளும் நாளில் ஒன்று கேளுங்கள். ஏதாவது ஒரு டிடெக்டரைக் கழற்றி, அதன் பேஸில் இரண்டு கம்பிகளையும் ஒரு துண்டு வயரால் சேர்க்கச் சொல்லுங்கள். பேனலில் அந்தப் பகுதியின் டிடெக்டர்கள் மட்டும் காணாமல் போக வேண்டும். அப்படியே வேறு மாடிக்குப் போய்ப் புகை காட்டச் சொல்லுங்கள். அலாரம் அடித்தால் கையெழுத்துப் போடுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், போர்டு போயிடும்" என்று யாராவது தயங்கினால், ஐசோலேட்டர் எங்கெங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் அல்ல, ஏணி போட்டு ஏறிப் பாருங்கள்.