ஹைப்பரா, ஹைப்போவா?

"எனக்கு ஹைப்பர் தைராய்டு டாக்டர், ரிப்போர்ட்லயே போட்டிருக்கு" என்று போன வாரம் ஓர் அம்மா தாளை நீட்டினார். தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் என்ற அளவு 14.6. பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு ‘ஹெச்’. ஹெச் என்றால் ஹை, ஹை என்றால் ஹைப்பர் என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிட்டது. நாத்தனாருக்கு நிஜமாகவே ஹைப்பர். தைராய்டு சுரப்பை அடக்கும் அவருடைய கார்பிமசோல் மாத்திரையை இவரும் ஒன்றரை மாதமாகப் போட்டிருக்கிறார். முகம் ஊதி, குரல் கரகரத்து, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது. இவருக்கு இருந்தது ஹைப்போ! மந்தமாக ஓடும் சுரப்பியை இன்னும் அடக்கியிருக்கிறார்கள். புதிதாக எடுத்துப் பார்த்தால் டிஎஸ்எச் 60ஐத் தாண்டிவிட்டது.

இந்த வருடம் இவர் மூன்றாவது ஆள்.

இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஹைப்பர் என்றால் மேலே, ஹைப்போ என்றால் கீழே. தைராய்டு ஹார்மோன் கூடினால் ஹைப்பர்: படபடப்பு, கைநடுக்கம், எடை இறங்கும். குறைந்தால் ஹைப்போ: சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காது.

சரி, அந்த ‘ஹெச்’சுக்கு வருவோம். டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் ஹார்மோனே இல்லை. தைராய்டை வேலை வாங்க, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்புவது. விடிந்தும் எழாத பிள்ளையை எழுப்ப அம்மாவின் குரல் ஏறுமே, அதுதான் டிஎஸ்எச். குரல் ஏற ஏற, பிள்ளை இன்னும் தூங்குகிறான் என்று அர்த்தம். ஹைப்பரில் பிள்ளை விடியுமுன்பே எழுந்து வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருப்பான். அம்மா ஏன் கத்தப்போகிறார்? டிஎஸ்எச் தரைக்கு இறங்கிவிடும். ஆக, டிஎஸ்எச் கூடினால் பெரும்பாலும் ஹைப்போ, குறைந்தால் ஹைப்பர். விதிவிலக்குகள் உண்டு, அது எங்கள் தலைவலி.

போனில் எங்களுக்கே இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். நர்ஸிடம் நான் "கூடவா, குறைவா?" என்றுதான் கேட்பேன். நீங்களும் "தைராய்டு இருக்கு" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அது எல்லோர் கழுத்திலும் இருக்கிறது. மாத்திரை அட்டையைக் கொண்டுவாருங்கள்.

ஹைப்போவுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையான தைராக்சினை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. கர்ப்பம் என்று தெரிந்ததும் தைராக்சினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கார்பிமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வந்து ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நாத்தனாரிடம் புடவை கடன் வாங்குங்கள், மாத்திரை வேண்டாம்.

அந்த அம்மாவுக்குக் கார்பிமசோலை நிறுத்தி, தைராக்சின் எழுதி, ஆறு வாரத்தில் வரச் சொன்னேன். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அப்போ நாத்தனாருக்கும் இதையே மாத்திக் குடுத்துடலாமா டாக்டர்?"